மறதிக்கு ஊசி கேட்கும் அகளிப் பிள்ளைகளுக்கு

கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் பிழைப்புக்குப் போயிருக்கும் அட்டப்பாடியின் அகளி, புதூர், சோலையூர்ப் பிள்ளைகளே,

பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போய்வரும் உங்கள் அக்கா எழுதுகிறேன். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவது, டியூப் மாற்றுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது என்று செவிலியர் செய்யும் வேலைக்குக் கூடமாட நிற்பதுதான் என் பங்கு. ஆனால் கொஞ்ச காலமாக நீங்கள் போன் போட்டால் புண்ணைப் பற்றியோ வலியைப் பற்றியோ கேட்பதில்லை. "ஏனுங்கக்கா, மறதி நோய்க்கு ஊசி வந்துட்டுதாமா? மூளையில இருக்கற அழுக்கையெல்லாம் கழுவி எடுத்துருதாமா? அப்பாருக்குப் போட்டுறலாங்களா?" என்று கேட்கிறீர்கள். தோட்டத்தில் பாதியை விற்றாவது போட்டுவிடலாம் என்று சொன்ன பிள்ளையும் உண்டு. போனை வைத்த பிறகு எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாசத்தை நான் கும்பிடுகிறேன். ஆனால் விற்ற நிலம் திரும்பாது. அதனால் நான் படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையிலுள்ள அமிலாய்டு படிவை நீக்கும் ஊசி பொய்யில்லை. ஆனால் அது நோய் தொடங்கிய கையோடு கண்டுபிடிக்கப்பட்டவருக்கு மட்டும் உரியது. அவருக்கும் அது நோயைக் கொஞ்சம் மெதுவாக்குமே தவிர, போன நினைவைக் கொண்டுவராது. நம் வீடுகளில் யாரையும் நாம் தொடக்கத்தில் கண்டுபிடிப்பதே இல்லை. 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லியே இரண்டு மூன்று வருடத்தைக் கடத்திவிடுகிறோம். இந்த மடல் அந்த வருடங்களைப் பற்றியது.

நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். 2025 அக்டோபரில் பார்சிலோனாவையும் சீனாவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நானோ துகள்களை ஊசி மூலம் செலுத்திய ஒரு மணி நேரத்தில் மூளையிலிருந்த அமிலாய்டு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. செய்தி உண்மை. ஆனால் குறைந்தது எலியின் மூளையில். எலிக்கு இயற்கையாக அல்சைமர் வருவதில்லை. மனிதனின் கோளாறான மரபணுக்களை அதற்குள் வைத்து, படிவு உண்டாகும்படி ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். மனிதனுக்கு நடப்பதுபோல அதன் மூளைச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. அதனால்தான் எலியிடம் இந்த நோய் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறது, மனிதனிடம் ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அமிலாய்டு என்பது வெளியிலிருந்து வந்த விஷம் இல்லை. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இந்த நிமிடம் அது உண்டாகிக்கொண்டிருக்கிறது. நரம்புச் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் வெட்டும்போது 40 அல்லது 42 அமினோ அமிலம் கொண்ட சிறு துண்டு உதிர்கிறது. நல்ல வயதில் அது வடிந்து ரத்தத்துக்குப் போய்விடும். வயது ஏற ஏற வெளியேற்றும் வழி மந்தமாகி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, செல்களுக்கு இடையே படிவாகத் தங்குகின்றன. முதல் மறதி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே இது தொடங்கிவிடுகிறது. எழுபது வயதில் அம்முச்சி உங்கள் பெயரை மறந்தாள் என்றால், அவள் உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போன நாளிலேயே விஷயம் ஆரம்பித்திருக்கலாம்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் ஜெர்மனியின் அலாய்ஸ் அல்சைமர். 1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு ஆகஸ்ட் டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அல்சைமர் எழுதி வைத்த குறிப்பேடு தொலைந்துபோய் 1995-இல்தான் கிடைத்தது. பெயர் என்ன என்று கேட்டால் ஆகஸ்ட் என்கிறார். கணவர் பெயர் கேட்டாலும் ஆகஸ்ட் என்றே சொல்கிறார். மதியம் அவர் தின்றுகொண்டிருப்பது காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, கீரை என்கிறார். பெயரை எழுதச் சொன்னால் எழுத ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றுவிடுகிறார். இதைப் படித்தபோது எனக்கு நம்மூர்த் திண்ணைகள்தான் கண்ணுக்கு முன் வந்தன. 1906-இல் அவர் இறந்த பிறகு அவர் மூளையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், செல்களுக்கு வெளியே படிவையும் உள்ளே சிக்கலாக முறுக்கிக்கிடந்த இழைகளையும் கண்டார். வெளியே இருப்பது அமிலாய்டு. உள்ளே இருப்பது டாவ் என்ற இன்னொரு புரதம். இந்த இரண்டாவதைச் செய்திகளில் யாரும் சொல்வதில்லை. ஆனால் மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு நெருங்கி ஒத்துப்போவது டாவ்தான்.

படிவில் இருப்பது எந்தப் புரதம் என்று 1984-இல் ஜார்ஜ் கிளென்னரும் கெயின் வோங்கும் பிரித்துக் காட்டினார்கள். அமிலாய்டுதான் நோயின் ஆரம்பம், மற்றதெல்லாம் அதன் பின்விளைவு என்ற கருத்தை 1992-இல் ஜான் ஹார்டியும் ஜெரால்டு ஹிக்கின்ஸும் முன்வைத்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம் உலகம் இந்தப் படிவை எடுப்பதிலேயே குறியாக இருந்தது.

அந்த முப்பது வருடத்தில் நடந்தவற்றில் ஒன்றை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1999-இல் டேல் ஷெங்க் என்பவரின் குழு, எலிக்கு அமிலாய்டையே தடுப்பூசியாகப் போட்டுப் படிவைக் கரைத்துக் காட்டியது. மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில் அழற்சி வந்து, 2002-இல் ஆய்வை நிறுத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலரை இங்கிலாந்தில் ஒரு குழு தொடர்ந்து கவனித்துவந்து 2008-இல் முடிவை வெளியிட்டது. இறந்த பின் மூளை பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 பேர். அவர்களில் 7 பேர் மறதியின் கடைசிக் கட்டத்துக்குப் போய்த்தான் இறந்திருந்தார்கள். படிவு ஏறக்குறைய முழுவதுமே நீங்கிவிட்டவர்களும் அந்த ஏழில் அடக்கம்.

மூளை சுத்தமாக இருந்தது, மனிதர் திரும்பவில்லை. காட்டுத்தீ அணைந்த பிறகு சாம்பலை அள்ளிவிட்டால் மரம் வந்துவிடுமா? செல் செத்த பிறகு படிவை எடுத்துப் பயனில்லை என்பதை அந்த எட்டுப் பேரின் மூளை காட்டிவிட்டது. அதற்குப் பிறகு பல ஆராய்ச்சிகள் நோயின் இன்னும் முந்தைய கட்டத்தை நோக்கிப் போக ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். லெக்கானெமாப் என்று ஒன்று. இதன் வேர் ஸ்வீடனின் வடபகுதியில் ஒரு குடும்பத்தில் இருக்கிறது. பரம்பரையாக அல்சைமர் வந்த அந்தக் குடும்பத்தை ஆராய்ந்த உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் லன்ஃபெல்ட், படிவாகக் கெட்டிப்படுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் அமிலாய்டு இழைகள்தான் அதிகம் கெடுதல் செய்கின்றன என்று கருதி, அவற்றைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்க வழி செய்தார். எதிர்ப்பொருள் அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா அதை அடையாளம் கண்டு தின்றுவிடும். ஆய்வில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டிரிப்ஸ் போடுவதுபோல ஒரு மணி நேரம் ஏற்றினார்கள்.

1795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். நினைவு, திசையறிவு, வீட்டுவேலை, தன்னைத்தானே கவனித்துக்கொள்வது என்று ஆறு விஷயங்களுக்கு மொத்தம் 18 மதிப்பெண். மதிப்பெண் ஏறினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம். மருந்து போட்டவர்களுக்கு 1.21 ஏறியது. வெறும் திரவம் போட்டவர்களுக்கு 1.66 ஏறியது. வித்தியாசம் 0.45. '27 சதவீதம் மெதுவாகிறது' என்று நீங்கள் படித்தது இதைத்தான். கவனமாகப் பாருங்கள், இரண்டு கூட்டத்துக்கும் நோய் ஏறத்தான் செய்தது. இறங்கியவர் என்று ஒரு கூட்டமே இல்லை. டோனனெமாப் என்ற அடுத்த மருந்தை மாதம் ஒருமுறை போட வேண்டும், படிவு போய்விட்டால் நிறுத்திவிடலாம். 18 மாதத்தில் சராசரியாக 84 சதவீதப் படிவை அது நீக்கியது. அதிலும் நோய் மெதுவானதே தவிர நிற்கவில்லை.

அந்த 0.45-ஐ நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. அரை வருடம் கூடுதலாகத் தன் கையால் சாப்பிட்டு, தன் பேரனை அடையாளம் தெரிந்து வாழ்வது ஒருவருக்குப் பெரிய விஷயம். முப்பது வருடத் தோல்விக்குப் பிறகு அறிவியல் முதன்முதலாக இந்த நோயின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் தெரிய வேண்டும். ரத்தக் குழாய்ச் சுவரிலும் அமிலாய்டு ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்கும்போது மூளையில் நீர் கோர்க்கும், ரத்தம் கசியும். லெக்கானெமாப் போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு நீர்க்கோர்வை வந்தது. டோனனெமாபில் அது 24 சதவீதம். பெரும்பாலோருக்கு ஸ்கேனில் மட்டும் தெரிந்து தானாகச் சரியாகியது. ஆனால் டோனனெமாப் ஆய்வில் 3 பேர் இதனால் இறந்துபோனார்கள். ஏ.பி.ஓ.ஈ.4 என்ற மரபணுவை இரண்டு பக்கத்திலிருந்தும் பெற்றவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. அதனால் ஊசிக்கு முன் மரபணுப் பரிசோதனை, படிவு இருக்கிறதா என்று பார்க்கப் பெட் ஸ்கேன் அல்லது முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, ஊசி தொடங்கிய பின் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் லெக்கானெமாபுக்கு நிர்ணயித்த விலை வருடத்துக்கு 26,500 டாலர். நம் பணத்தில் 20 லட்சத்துக்கும் மேல், அதுவும் மருந்துக்கு மட்டும். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மருந்து மதிப்பீட்டு அமைப்பு இதைப் பார்த்துவிட்டு, நோய் முற்றுவதை 4 முதல் 6 மாதம் தள்ளிப்போடுகிறது, அந்தப் பயனுக்கு அரசு மருத்துவத்தில் இவ்வளவு செலவு செய்வது நியாயமில்லை என்று வரைவு முடிவைச் சொன்னது. பணக்கார நாடே கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கும்போது, நீங்கள் தோட்டத்தை விற்பேன் என்கிறீர்கள்.

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அகளியிலிருந்து ஒரு பெரியவருக்கு இந்த ஊசி கிடைக்க என்ன வேண்டும்? லெக்கானெமாப் ஆய்வில் சேர, 30 மதிப்பெண் கொண்ட ஒரு நினைவுத் தேர்வில் 22-க்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தேர்வில் தேதி கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். ஒன்றோடொன்று குறுக்கிட்ட இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பென்சிலையே பிடித்தறியாத, இருளம் மட்டும் பேசும் ஊர்ப் பாட்டி, மூளை தெளிவாக இருந்தாலும் இதில் தோற்பார். படித்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நோய் தொடங்கி இரண்டு வருடம் ஆகியும் இதில் தேறிவிடுவார். இந்த அநியாயத்தை நம் நாட்டிலேயே சிலர் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று அந்தத் தேர்வையே இந்தியில் மாற்றி அமைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் மதுரநாத் மலையாளத்தில் ஒன்றை உருவாக்கினார். நம் இருள, முடுக, குறும்ப மொழிகளுக்கும் யாராவது செய்தாக வேண்டும். அட்டப்பாடியில் படித்து டாக்டரான, நர்ஸான பிள்ளைகள் இதைப் படித்தால், இந்த வேலை உங்களுடையது என்று சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. மறதி எல்லாமே அல்சைமர் இல்லை. எர்ணாகுளம் மாவட்டம் திருவாணியூர்ப் பஞ்சாயத்தில் டாக்டர் எஸ்.ஷாஜியும் அவர் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய் 60 வயதைத் தாண்டியவர்களைப் பார்த்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கேரளக் கிராமம் ஒன்றில் நடந்தது என்பதால் நம் நிலைமைக்கு நெருக்கமானது. ஆயிரத்துக்குச் சுமார் 32 பேருக்கு டிமென்ஷியா. அவர்களில் 58 சதவீதம் பேருக்கு வந்தது ரத்தக் குழாய் அடைபட்டு வரும் வகை, 41 சதவீதம் பேருக்குத்தான் அல்சைமர். ரத்தக் குழாய் வகைக்கு அமிலாய்டு ஊசியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதைத் தடுப்பது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினமும் போடும் சாதாரண மாத்திரை. நம் துணை சுகாதார மையத்தில் சும்மா கிடைப்பதால் அதற்கு மதிப்பில்லை. அப்பாரு அதை வாங்கி வந்து, 'தலைவலி இல்லியே, எதுக்கு' என்று டப்பாவிலேயே வைத்திருக்கிறார். நான் பார்த்த வீடுகளில் இது ஒன்றிரண்டு இல்லை.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். அமுக்கராக் கிழங்குக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் 2012-இல் வெளியிட்டார்கள். அமுக்கராச் சாறு கொடுத்த எலிகளின் மூளையில் படிவு குறைந்தது. அது மூளையில் நேராக வேலை செய்யவில்லை. கல்லீரலில் எல்.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூட்டி, ரத்தத்திலிருந்து அமிலாய்டை இழுத்துக்கொண்டது. மூளையிலிருந்து அது வடிய இடம் கிடைத்தது. நீங்கள் அனுப்பிய பார்சிலோனா நானோ துகளும் அந்தப் புரதக் குடும்பத்தைத்தான் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் தூண்டுகிறது. நம் நாட்டு ஆய்வகம் அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே அந்த வாசலைத் தட்டியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இதுவும் எலிதான். மஞ்சளிலுள்ள குர்குமின் எலியில் படிவைக் குறைத்தது. நோயாளிகளுக்கு ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் கொடுத்துப் பார்த்தபோது மறதியில் எந்த மாற்றமும் இல்லை. வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு. படிவைப் பொறுத்தவரை வல்லாரையும் எலியோடு நிற்கிறது. குழம்பில் மஞ்சளும் துவையலில் வல்லாரையும் தாராளமாகப் போடுங்கள். 'மூளைப் படிவைக் கரைக்கும்' என்று பாட்டிலில் அடைத்து ஆயிரக்கணக்கில் விற்பவனிடம் மட்டும் போகாதீர்கள். அமுக்கரா மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது.

நம்மைப் போன்ற இன்னொரு மலைநாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் அந்தியோகியா மலைக்கிராமங்களில் சில குடும்பங்களுக்கு 44, 45 வயதிலேயே மறதி வந்துவிடும். சாபம் என்று நினைத்தார்கள். பிரான்சிஸ்கோ லோபெரா என்ற மருத்துவர் 1980-களில் அந்த மலைகளில் ஏற ஆரம்பித்து, 2024-இல் இறக்கும்வரை அந்த மக்களை விடவில்லை. ஒரு மரபணுப் பிழைதான் காரணம் என்று தெரிந்தது. அமிலாய்டைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் முக்கியமான ஒரு பங்கு அந்த ஏழை விவசாயிகளின் ரத்தத்திலிருந்தும், இறந்தபின் அவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளிலிருந்தும் வந்தது. அறிகுறி வருமுன்பே அமிலாய்டு எதிர்ப்பு மருந்து போட்டு 252 பேரிடம் பல வருடம் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தபோது சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. அதே குடும்பங்களில் ஒரு பெண், கெட்ட மரபணு இருந்தும் 70 வயதுவரை நல்ல நினைவோடு இருந்தார். 2019-இல் அவரைப் பற்றி எழுதினார்கள். மூளை முழுக்க அமிலாய்டு, டாவ் மட்டும் குறைவு. இன்னொரு அரிய மரபணு மாற்றம் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அமிலாய்டு மட்டுமே கதை இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அரிவாள் செல் ரத்தசோகைக்காக நம் ஊர்களில் எத்தனை பேர் வந்து ரத்தம் எடுத்துப் போயிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எடுத்துப் போகிறவர்கள் லோபெராவைப் போல திரும்பி வரவும் வேண்டும்.

திரும்பி வந்த வேலை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. குன்னங்குளத்தில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேக்கப் ராய் 1992-இல் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 1998-இல் கொச்சியில் உலக மாநாடு நடந்தபோதுதான் 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு பிறந்தது. மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம், ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற கோபம்தான் அந்தப் பெயர். வேலூரும் சென்னையும் அதில் சேர்ந்தன. பெரியவரிடம் கேள்வி கேட்பதோடு, கூட இருக்கும் மருமகளிடமும் மகளிடமும் 'முன்னே எப்படி இருந்தார், இப்போது எப்படி' என்று விசாரித்து, படிப்பறிவு குறுக்கே வராமல் நோயைக் கண்டுபிடிக்கும் முறையை அவர்கள் வளர்த்தார்கள். இதே குழுவின் தொடர்ச்சியாகக் கோவாவில் 81 குடும்பங்களோடு ஒரு சோதனை நடந்து 2008-இல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, வீடுகளுக்கு அனுப்பினார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. நம் ஆஷா சேச்சிமாரால் செய்ய முடிகிற வேலை அது.

அந்த மன உளைச்சலை யாரும் எண்ணுவதில்லை. ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு மகளின் பெயர் தெரியவில்லை. மகளை 'நர்ஸம்மா' என்கிறார். ஆனால் முறத்தில் ஆட்டுக்கொம்பு அவரையைக் கொட்டிக் கொடுத்தால், புழு அரித்ததை ஒதுக்கி, நல்ல காயை உரித்து, தோலைத் தனியாகக் குவித்து, ஒரு மணி நேரம் தப்பில்லாமல் வேலை செய்கிறார். பெயர்களையும் நேற்றைய நிகழ்ச்சிகளையும் வைத்திருக்கும் பகுதியைத்தான் இந்த நோய் முதலில் தின்கிறது. கை பழகிய வேலை மூளையின் வேறு பகுதியில் இருக்கிறது, வெகுநாள் தங்கும். இதை அந்த மகளிடம் சொன்ன பிறகு தினமும் காலையில் முறத்தை எடுத்துக் கொடுக்கிறார். அம்மா எழுந்து ஓடுவதும் கத்துவதும் குறைந்திருக்கிறது. மகளுக்குக் குளிக்க நேரம் கிடைக்கிறது. ஊரிலிருக்கும் அந்த ஒருத்திக்கு, வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகள் 'என்ன பார்த்துக்கிறே நீ' என்று போனில் குறை சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய மருந்து. மாதம் இரண்டு நாள் வந்து அவளை உட்கார வைத்துவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தடுப்பதற்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. லான்செட் ஆணையம் 2024-இல் பதினான்கு காரணங்களைச் சொல்லி, அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தலையில் அடி, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. அதிகப் பங்கு வகிக்கும் காரணங்களில் ஒன்று காது மந்தம். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காது கேட்காதவரிடம் நாம் பேசுவதைக் குறைத்துவிடுகிறோம், அவரும் ஒதுங்கிவிடுகிறார், மூளைக்கு வேலை போய்விடுகிறது. நாடு முழுவதும் எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படிக்க வைக்காமல் விட்ட தலைமுறைப் பெண்கள் அவர்கள்.

குணமாகக்கூடிய மறதியும் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், கீழே விழுந்து மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கட்டினாலும், தூக்க மாத்திரை அதிகமானாலும் ஆள் அல்சைமர் வந்தவர்போலத்தான் இருப்பார். சரியான வைத்தியம் பார்த்தால் பலர் பழையபடி ஆகிவிடுவார்கள். இவரையும் 'மறதி வந்திருச்சு' என்று மூலையில் உட்கார வைத்துவிடுவதைப்போலப் பாவம் வேறில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது. சிவராத்திரிக்கு மல்லீஸ்வரன் மலைக்கு எப்படியும் வருவீர்கள். இந்தத் தடவை ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நாளாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் அப்பாரு, ஆத்தா, அம்முச்சியோடு சாவகாசமாக உட்காருங்கள். ஒரே கேள்வியை அரை மணியில் மூன்று தடவை கேட்கிறாரா, பழகிய இட்டேரியில் வழி தெரியாமல் நிற்கிறாரா, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா, பென்ஷன் பணத்தை எண்ணத் தடுமாறுகிறாரா, வைத்த பொருளைக் காணாமல் மருமகள் திருடிவிட்டாள் என்கிறாரா என்று பாருங்கள். கூட இருப்பவரிடமும் தனியாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கோட்டத்துறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மலை இறங்க வேண்டியதே இல்லை. தைராய்டும் பி12-உம் ரத்தப் பரிசோதனைதான். காதைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்கோ கோவை அரசு மருத்துவமனைக்கோ நரம்பியல் டாக்டரிடம் எழுதிக் கொடுப்பார்கள். தொடக்கநிலை அல்சைமர்தான் என்று அங்கே உறுதியானால், அப்போது ஊசியைப் பற்றிக் கேளுங்கள். ரத்தக் கசிவைப் பற்றியும், எத்தனை எம்.ஆர்.ஐ. என்பதைப் பற்றியும், மொத்தச் செலவைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள். முற்றிய நோய்க்கு இதைப் போடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்டத்தைப் பற்றி முடிவெடுக்குமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள். நான் எடுக்காவிட்டால் உங்கள் வார்டு ஆஷாவைக் கேளுங்கள், இல்லையென்றால் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா,
அகளி.